முதல் குற்றவாளி படுத்திருக்கிறார்

சட்டம் எவ்வளவு கருணையானது என்பதை நெட்டை தன் நாற்பத்து மூன்றாவது வயதில், ஒரு கன்னம் வீங்கிய நிலையில், காவல் நிலையத்தில் வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். அதுவரை அவளுக்குச் சட்டத்தைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. படிக்காதவள் என்று விட்டுவிடலாம்.

அவள் போனது ஒரு புகார் கொடுப்பதற்கு. முந்தின நாள் வீட்டுக்கு வந்த ஒருவன், வந்த காரியம் முடிந்து சட்டையையும் போட்டுக்கொண்ட பிறகு, என்ன தோன்றியதோ, ஓங்கி ஓர் அறை விட்டான். வாட்ச் கட்டிய கை. கன்னத்தில் அதன் வட்டம் பதிந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் மணியே சொல்லிவிடலாம். அடி வாங்குவது அந்தத் தொழிலில் புதிதில்லை. ஆனால் அந்த வாட்ச்காரன் அதோடு நிற்காமல், திரையை விலக்கிக்கொண்டு போய், அங்கே படுத்திருந்த அம்மாவின் கட்டிலையும் எட்டி உதைத்துவிட்டுப் போனான். நெட்டைக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

அம்மா வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இடது கை மட்டும் அசையும். பேச்சு போய்விட்டது, முனகல்தான். வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைத்துவிட வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகிவிடும். இந்த வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில்தான் நெட்டை அந்த வேலையைப் பார்த்தாள். அன்றும் காலையில் எல்லாம் செய்து முடித்து, "இதோ வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சும்மா சாத்திக்கொண்டுதான் கிளம்பினாள். ஒரு புகார் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். இத்தனை வருடம் அந்த நகரத்தில் குப்பை கொட்டியவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அவள் பயப்படக் கூடாது என்பதற்காக முதலில் சட்டத்தை விளக்கினார்.

"இத பாரும்மா. உன் தொழில் குத்தமே இல்ல. நம்ம சட்டம் அப்படி ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதது கிடையாது. நீ தாராளமா செய்யலாம். வீட்டுல வச்சு செய்யக்கூடாது. தெருவுல நின்னு கூப்பிடக்கூடாது. இன்னொருத்தியோட சேர்ந்து செய்யக்கூடாது. அதுல வர்ற வருமானத்துல வேற யாரும் ஒரு வாய் சாப்பிடக்கூடாது. மத்தபடி உனக்கு முழு சுதந்திரம்."

நெட்டை தலையாட்டினாள். முழுச் சுதந்திரம் இருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது. அடித்தவனை எப்போது பிடிப்பீர்கள் என்று கேட்டாள்.

அதற்கு வருவோம் என்ற இன்ஸ்பெக்டர், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். அம்மா என்றாள். ஆணா பெண்ணா என்று கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, தவறு அவருடையதல்ல. பெண் என்றாள். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நெட்டை பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு பொம்பளைங்க. ஒரே கூரை. ரெண்டு பேர் இருந்தா அது வீடு இல்லம்மா, விடுதி."

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, எழுந்து உட்காரக்கூட முடியாது என்று நெட்டை சொன்னாள். சட்டத்தில் வயது வரம்பு எதுவும் இல்லை என்றும், உட்கார வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை என்றும் இன்ஸ்பெக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மாவுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று கேட்டார். நான்தான், வேறு யார் போடுவார்கள் என்றாள் நெட்டை. அந்த ஒரு வாக்கியத்தில் அம்மா விடுதி நடத்துபவளாகவும், மகளின் வருமானத்தில் பிழைப்பவளாகவும் ஆகி, முதல் குற்றவாளியாகிவிட்டாள். நெட்டை பாதிக்கப்பட்டவள். ஆகவே அவளை உடனடியாக மீட்டாக வேண்டும். மீட்பதற்கு வசதியாக அவளே நடந்து வந்திருந்தாள். அதற்காக இன்ஸ்பெக்டர் அவளைப் பாராட்டவும் செய்தார்.

"அப்ப என்னை அடிச்சவன்?"

"அவர்தாம்மா நம்ம சாட்சி. அங்க என்ன நடக்குதுன்னு நேர்ல பார்த்த ஒரே ஆள் அவர். சாட்சியையே புடிச்சு உள்ள போட்டா நாளைக்கு எவன் தைரியமா முன்வருவான்? சமூகப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு இல்ல."

வாட்ச்காரனை மதியத்துக்குள் கண்டுபிடித்து, மரியாதையாக அழைத்து வந்து, காப்பி கொடுத்து வாக்குமூலம் வாங்கினார்கள். தன்னை அறைந்த கையை நெட்டை பார்த்தாள். அவன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான்.

முதல் குற்றவாளியைப் பிடிக்க ஏட்டு ஒருவர் வீட்டுக்குப் போனார். பெண் குற்றவாளி இருக்கும் அறைக்குள் பெண் காவலர் இல்லாமல் ஆண் காவலர் நுழையக் கூடாது. பெண்களின் கண்ணியத்தைக் காப்பதற்காக வந்த அருமையான விதி அது. அன்றைக்குப் பெண் காவலர்கள் எல்லோரும் மகளிர் பாதுகாப்பு மாநாட்டுக்குப் பாதுகாப்பாகப் போயிருந்தார்கள். ஏட்டு விதியை மீறாமல் வாசற்படியில் நின்றபடி அம்மாவின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. திரைக்குப் பின்னால் ஏதோ முனகுவது போல் இருந்தது. பூனை என்று முடிவு செய்தார். முதல் குற்றவாளி தலைமறைவு என்று எழுதி, கதவைப் பூட்டி, அரக்கு வைத்து, விடுதியை மூடி முத்திரையிட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் தவறாமல் நிலையத்துக்குத் திரும்பினார்.

இதை நெட்டையிடம் யாரும் சொல்லவில்லை. மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுபோகிற வண்டியில் ஏறும்போதுதான், ஏட்டு இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் தெரு நின்று வேடிக்கை பார்த்தது.

"உள்ள அம்மா இருக்காங்க! ஐயா, உள்ள ஆள் இருக்கு!"

ஏட்டு கோபித்துக்கொள்ளவில்லை. "தலைமறைவு ஆனவங்க எப்படிம்மா வீட்டுல இருப்பாங்க?" என்று கேட்டார். வண்டியின் கதவைச் சாத்தினார்கள்.

மறுவாழ்வு இல்லம் நகரத்தின் மறுகோடியில், உயரமான மதிலும் மதில்மேல் கண்ணாடித் துண்டுகளும் வைத்த கட்டடம். மீட்கப்பட்டவர்கள் மறுபடி கெட்டுப் போகாமல் இருக்க, சன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். உள்ளே எங்கு பார்த்தாலும் பினாயில் நெடி. ஒரு கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மெழுகுவத்தி செய்துகொண்டிருந்தார்கள். அந்த மெழுகுவத்திகளை யாரும் வாங்குவதில்லை. திரும்ப உருக்கி, அடுத்து மீட்கப்பட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். சிலர் அதே மெழுகைப் பலமுறை செய்திருந்தார்கள்.

இல்லத்தின் தலைவியம்மா நெட்டையை இரண்டு கைகளையும் பிடித்து வரவேற்றார். பிடித்த கைகளை உடனே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார், அது பழக்கமாகிவிட்டிருந்தது. நெட்டை அவர் காலில் விழுந்தாள். தன் அம்மா பூட்டிய வீட்டுக்குள் கிடக்கிறாள், காலையில் குடித்த கஞ்சிதான், தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூட முடியாது, ஒரு மணி நேரம் விடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு நானே திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுதாள்.

தலைவியம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. மீட்கப்பட்டவர்கள் அழும்போது அவருக்கு எப்போதும் கலங்கும்.

"இதுதான் ஆரம்பத்துல எல்லாரும் செய்யற தப்பு. யாரு உன்னை இந்த நரகத்துல வச்சிருந்தாங்களோ, அவங்களையே நெனச்சு அழுவீங்க. அந்தப் பாசத்தைத்தான் நாங்க மொதல்ல அறுக்கணும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஒரு தாயோட மனசு எனக்குத் தெரியாதா?"

வெளியே போக வேண்டுமானால் என்ன வழி என்று நெட்டை கேட்டாள். வழி மிகச் சுலபமாக இருந்தது. பெற்றோர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகலாம். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, அம்மா மட்டும்தான் என்றாள். அப்படியானால் அம்மா வரலாம் என்றார் தலைவியம்மா. வந்ததும் கைது செய்யப்படுவார், அது வேறு விஷயம். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கைதாவதில் இல்லத்துக்கு ஆட்சேபணை இல்லை.

அன்று சாயங்காலம் நெட்டை மெழுகுவத்தி செய்யவில்லை. தலைவியம்மாவின் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மனம் இரங்கிய ஒரு காவல்காரி, அவள் வீட்டுக்குப் பக்கத்து மாடி வீட்டுக்காரருக்குத் தொலைபேசி போட்டுக் கொடுத்தாள். மாடி வீட்டுக்காரர் அந்தத் தெருவில் மதிப்பானவர், குடும்பஸ்தர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆமாம், ஏதோ முனகல் சத்தம் கேட்கத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்வது என்று தெருக்காரர்கள் எல்லோரும் கூடி எப்போதோ முடிவு எடுத்திருக்கிறார்கள், நாங்களும் சாத்திக்கொண்டோம் என்றார். இனிமேல் இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம், பெண்கள் இருக்கிற வீடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

நெட்டை தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். தன்னிடம் வந்து போனவர்களில் குடிகாரன், நோயாளி, குளிக்காதவன், அழுகிறவன் என்று எல்லா ரகமும் உண்டு. ஒருவனும் இப்படிக் குமட்ட வைத்ததில்லை.

இரவெல்லாம் அவள் கண் மூடவில்லை. அழுதுகொண்டேயும் இருக்கவில்லை, யோசித்தாள். காலையிலிருந்து எத்தனை பேரிடம், எத்தனை விதமாகக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியாகிவிட்டது. ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ஆனால் விடுதி என்ற சொல் வந்த மாத்திரத்தில் இன்ஸ்பெக்டரின் முகம் எப்படி மலர்ந்தது. இவர்களுக்குக் காப்பாற்றத்தான் கால் வராது, பிடிப்பதற்கு நன்றாகவே ஓடுவார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

விடிந்ததும் இன்ஸ்பெக்டரிடம் முக்கியமான ரகசியம் ஒன்று சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். கெஞ்சுகிறாள் என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். ரகசியம் என்றதும் தலை வாரிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். எங்கம்மா சாதாரண ஆள் இல்ல," என்றாள் நெட்டை. சொல்லும்போதே நாக்கு கூசியது. "எல்லாத்துக்கும் அவங்கதான் தலைவி. நகரம் பூரா அவங்க கைல இருக்கு. எத்தனையோ பொண்ணுங்க. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து அவங்க கால்மாட்டுல நின்னுட்டுப் போவாங்க. உங்க ஏட்டு வந்தப்ப உள்ளயேதான் ஒளிஞ்சிருந்தாங்க. இப்பவும் உள்ளதான் இருக்காங்க."

"நாங்க சீல் வச்ச வீட்டுக்குள்ளயா?"

"அங்கதானே சார் யாரும் தேட மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் மேஜையில் தட்டினார். பலே கில்லாடி என்று முணுமுணுத்தார். அவர் குரலில் கிட்டத்தட்ட ஒரு மரியாதையே தெரிந்தது. நேற்று வரை ஒரு வாய் கஞ்சிக்குக் கதியற்ற கிழவிக்கு அந்த நகரத்தில் முதல் முறையாக ஒருவர் மரியாதை கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. இவ்வளவு பெரிய தலைவியைச் சும்மா போய்ப் பிடித்துவிட முடியுமா? மேலதிகாரி வர வேண்டும். மேலதிகாரி வருவதென்றால் பத்திரிகைக்காரர்கள் வர வேண்டும். அவர்களுக்குக் காலை வெயில் முகத்தில் அடிக்கிறது, படம் சரியாக வராது, மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. குண்டு துளைக்காத சட்டைகள் வேறு பிரிவில் இருந்தன. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நேற்று ஒருவர்கூட இல்லாமல் போன பெண் காவலர்கள் இன்று ஒரு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். அடையாளம் காட்ட வாட்ச்காரனும் அழைக்கப்பட்டான். பொதுநலச் சேவைக்காக அவனுக்கு ஒரு சான்றிதழும் தயாராகிக்கொண்டிருந்தது. தலைவியம்மா மீட்கப்பட்டவரோடு கூட நிற்பதற்காக உடை மாற்றிக்கொள்ளப் போனார்.

நெட்டை ஒவ்வொருவராகப் பார்த்து, சீக்கிரம், சீக்கிரம் என்று கெஞ்சினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் புத்தி வந்தது. அம்மா சாயங்காலத்துக்குள் வெளிநாட்டுக்குத் தப்பிப் போகத் திட்டம் போட்டிருக்கிறாள் என்றாள். மேலதிகாரி தன் மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். கடமைக்காக அவர் செய்த அந்தத் தியாகத்தைப் பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள்.

தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். மாடி வீட்டுக்காரர் சன்னலைத் திறந்துவைத்து, குடும்பத்தோடு நின்று பார்த்தார். ஒலிபெருக்கியில் மூன்று முறை எச்சரித்தார்கள். கைகளைத் தூக்கியபடி வெளியே வரும்படி அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. வரவில்லை. அரக்கை உடைத்துக் கதவைத் தள்ளினார்கள்.

முதலில் வந்தது நாற்றம். உள்ளே பாய்ந்த வீரர்கள் அதே வேகத்தில் வெளியே பாய்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நெட்டை, தலைவியம்மா பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினாள். அம்மா உயிரோடு இருந்தாள். மூத்திரத்திலும் மலத்திலும் ஊறிப்போன விரிப்பில், கட்டிலின் ஓரத்துக்கு நழுவி, ஒரு பக்கமாகக் கிடந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. ஈ மொய்த்தது. இடது கை மட்டும் சுவரைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மகளைக் கண்டதும் கை நின்றது.

நெட்டை தொடுவதற்குள் இரண்டு பெண் காவலர்கள் அவளைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளி நெருங்கக் கூடாது என்பதும் ஒரு நல்ல விதி.

மேலதிகாரி வாசலில், காற்று வரும் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டு பேசினார். "படுத்த படுக்கையா இருந்துக்கிட்டே இவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தை இயக்கியிருக்காங்கன்னா பார்த்துக்குங்க. எங்க விசாரணையில ஒரு வார்த்தை பேசல. பயிற்சி இல்லாம இந்த மௌனம் வராது. ஒரு தாயே தன் மகளை இப்படி... எனக்கு வார்த்தை வரல. ஆனா இன்னிலேருந்து அந்த மகள் சுதந்திரப் பறவை." சுதந்திரப் பறவையைத் தலைவியம்மா தோளோடு அணைத்துக் காட்டினார். படம் எடுத்தார்கள். வாட்ச்காரன் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு, இவங்கதான் என்று அடையாளம் காட்டினான்.

வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று குற்றவாளிகளுக்கு, சிறை மருத்துவமனைக்குப் போவது. இன்னொன்று மீட்கப்பட்டவர்களுக்கு. அம்மாவை விரிப்போடு சுருட்டித் தூக்கி முதல் வண்டியின் தரையில் போட்டார்கள். அங்கே யாரும் அவளைத் துடைக்கப் போவதில்லை, புரட்டப் போவதில்லை, முனகலுக்கு அர்த்தம் கேட்கப் போவதில்லை. நெட்டைக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"சார், நானும் குற்றவாளிதான். என்னையும் அதே வண்டியில ஏத்துங்க," என்றாள்.

மேலதிகாரி சிரித்தார். "நீ தப்பே செய்யலம்மா. எத்தனை தடவ சொல்றது? சட்டம் உன் பக்கம் இருக்கு."

ஆக, ஏதாவது தப்புச் செய்தாக வேண்டும். அதுவும் உடனே. நெட்டை சுற்றிலும் பார்த்தாள். துப்புவதற்குத் தகுந்த முகங்கள் நிறையவே இருந்தன. தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாட்ச்காரன் மீது துப்ப ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அது வெறும் தகராறு என்று போய்விடும். தலைவியம்மா மீது துப்பினால் பாவம் மனநிலை சரியில்லை என்று இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக மறுவாழ்வு கொடுப்பார். மாடிச் சன்னல் எட்டாது. கடைசியில், சீருடையும் பதக்கமும் உள்ள முகமே பொருத்தம் என்று தீர்மானித்தாள். இத்தனை வருடம் விழுங்கியதையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து, நன்றாகக் காறி, மேலதிகாரியின் முகத்தில் நேராகத் துப்பினாள்.

பத்துக் கைகள் அவளைப் பிடித்தன. முதுகிலும் தலையிலும் அடி விழுந்தது. அரசு ஊழியரைத் தாக்கியது, கடமையைச் செய்யவிடாமல் தடுத்தது, இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். மீட்பு ரத்து என்று தலைவியம்மா கத்தினார். அவளை இழுத்துக்கொண்டு போய் முதல் வண்டிக்குள் தள்ளினார்கள்.

வண்டி கிளம்பியது. நெட்டை தரையில் உட்கார்ந்து, நாற்றத்தோடு அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காவலுக்கு வந்த பெண் போலீஸிடம் தண்ணீர் கேட்டாள். அந்தப் பெண் போலீஸ் உடனே பாட்டிலை நீட்டினாள். கைதிகள் கேட்டால் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. நெட்டை மூடியில் ஊற்றி, வாதத்தில் கோணிய வாயின் நேராக இருந்த பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அம்மா விழுங்கினாள்.